பழைய செயின்சாவுக்கு எந்தப் பாகம்: ஒரிஜினலா, மலிவானதா?

பதினைந்து ஆண்டு உழைத்த ஒரு செயின்சா திடீரென்று நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் கீறிக் கிடக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் வந்தால், ஒரே பாகம் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் பாக எண்ணும் அச்சிட்ட பெட்டியில் இருக்கும். மற்றது, பெயர் எதுவும் இல்லாத வெள்ளைப் பெட்டியில் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விலை மட்டும் பல மடங்கு வேறுபடும்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. “ஒரிஜினலைத் தவிர எதையும் தொடாதே” என்பது ஒன்று. “எல்லாம் ஒன்றுதான், பெயருக்குத்தான் காசு” என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. சில பாகங்களில் மலிவானதே போதும். சிலவற்றில் மலிவானது இரண்டு மடங்கு செலவு வைக்கும். வேறு சிலவற்றில் அது கையையோ காலையோ பறித்துவிடும்.

செயின்சாவின் சங்கிலி முழு வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. சிங்கப்பூரில் மரம் வெட்டும் குத்தகை நிறுவனங்களில் வேலை செய்யும் தமிழக ஊழியருக்கும், ஜோகூரில் ரப்பர், செம்பனை, டுரியான் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தினருக்கும் இது அன்றாட விஷயம். எனவே எந்தப் பாகத்தில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

*பழுதுபார்க்கும் வட்டாரம்*

மலாய் மொழியில் ‘ஜாலான் புசார்’ என்றால் பெரிய சாலை என்று பொருள். தேக்காவை ஒட்டியே செல்லும் இந்தச் சாலையும் அதன் கிளைச் சாலைகளும் நெடுங்காலமாக இரும்புச் சாமான்கள், கருவிகள், விளக்குகள், குழாய்ப் பொருள்கள், மின்னணு உதிரிபாகங்கள் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றவை. சிம் லிம் டவர் இதே சாலையில்தான் இருக்கிறது. அருகே சுங்கை ரோட்டில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்த பழைய பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. பழைய இயந்திரங்களைக் கழற்றி எடுத்த பாகங்கள்கூட ஒரு காலத்தில் அங்கே தரையில் பரப்பி விற்கப்பட்டன.

இப்போது வட்டாரம் மாறிவருகிறது. டிர்விட் ரோட்டில் ஒரு பழைய இரும்புச் சாமான் கடை, பெயரை மாற்றாமலேயே காப்பிக் கடையாகிவிட்டது. ஆனாலும் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, பழையதோடு ஒப்பிட்டு, கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டு வாங்கும் பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கீழே வரும் பகுதிகளைப் படித்தால் விளங்கும்.

*இயந்திரம் எப்படி ஓடுகிறது?*

பெட்ரோல் செயின்சாவில் இருப்பது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் இயந்திரம். காரில் இருப்பதுபோல் இதில் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றப்படும் எண்ணெய்தான் பிஸ்டன், சிலிண்டர், பேரிங் எல்லாவற்றுக்கும் வழுவழுப்பைத் தருகிறது. இன்றைய இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 50க்கு 1 என்ற கலவை போதும். அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி லிட்டர் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். பழைய மாடல்களின் கையேட்டில் 25க்கு 1 என்று இருந்தால் அதே 5 லிட்டருக்கு 200 மில்லி லிட்டர் தேவை.

மரம் அறுக்கும்போது இந்த இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் பிஸ்டன் வினாடிக்கு 160 முறைக்கு மேல் மேலும் கீழும் போய் வருகிறது. இவ்வளவு வேகத்தில் எண்ணெய் சற்றுக் குறைந்தாலும், காற்று சற்றுக் கூடினாலும், சில நிமிடங்களில் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டர் சுவரில் உரசிவிடும். “இஞ்சின் ஜாமாகிவிட்டது” என்று சொல்வது இதைத்தான்.

பழைய செயின்சாக்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள், அதாவது பெட்ரோல் குழாய், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இணைப்பு, கிராங்க் சீல்கள், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு எல்லாம் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிக்கின்றன. அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது. காற்று கூடினால் பெட்ரோலின் விகிதம் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் எண்ணெயும் குறைகிறது. கடைசியில் பிஸ்டன் எரிகிறது. வெளியே தெரிவது பிஸ்டன் பழுது. உண்மையான காரணமோ சில வெள்ளி பெறும் ஒரு ரப்பர் துண்டாக இருக்கலாம்.

*‘ஒரிஜினல்’ என்றால் என்ன?*

கடையில் கிடைக்கும் பாகங்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, இயந்திர நிறுவனமே தன் பெயரில் விற்கும் பாகம். 1926ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய ஸ்டில், 1959ல் செயின்சா தயாரிப்பில் இறங்கிய சுவீடனின் ஹஸ்க்வர்னா போன்றவை இப்படித் தங்கள் பெயரில் பாகங்களை விற்கின்றன. பேச்சு வழக்கில் ‘ஒரிஜினல்’ என்பது இதுதான்.

இரண்டாவது, வேறொரு நல்ல நிறுவனம் தன் சொந்தப் பெயரைப் போட்டுத் தயாரிக்கும் பாகம். சங்கிலிக்கும் பட்டைக்கும் ஓரிகன், பிஸ்டனுக்கு இத்தாலியின் மீட்டியோர், பிளக்குக்கு என்ஜிகே, போஷ், கார்புரேட்டருக்கு வால்ப்ரோ என்று பல பெயர்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓரிகன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ காக்ஸ், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்து, அதே வளைவில் வெட்டும் பல்லை உருவாக்கியவர். 1947ல் அவர் விற்கத் தொடங்கிய அந்த வடிவம்தான் இன்றைய சங்கிலிகளுக்கு அடிப்படை.

மூன்றாவது, பெயரே இல்லாத மலிவுப் பாகம். இதில் நல்லதும் வரும், மோசமானதும் வரும். ஒரே கடையில் ஒரே பாகத்தை இரண்டு முறை வாங்கினாலும் தரம் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இதன் உண்மையான குறை இந்த நிச்சயமின்மைதான்.

நான்காவது, போலி. வேறு யாரோ தயாரித்து, பெரிய நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் திருடி ஒட்டுவது. இது முன் சொன்ன மூன்றிலிருந்தும் முற்றிலும் வேறானது. பெயரில்லாத மலிவுப் பாகத்தை விற்பது குற்றமன்று. காப்புரிமைக்கு 20 ஆண்டு என்ற வரம்பு இருப்பதால், பழைய மாடல்களின் வடிவத்தைப் பார்த்துப் பிறர் பாகம் செய்வது பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் பிறருடைய வணிகச் சின்னத்தைப் போட்டு விற்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. செயின்சா நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பிளக், கார்புரேட்டர் போன்றவற்றை அந்தந்தத் துறை நிறுவனங்களிடமிருந்து வாங்கிப் பொருத்துவது வழக்கம். ஆகவே அதே நிறுவனத்தின் அதே எண்ணுள்ள பிளக்கை அதன் சொந்தப் பெட்டியில் வாங்கினால் தரம் குறைவதில்லை.

*முதலில் காரணம், பிறகு பாகம்*

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். பழைய செயின்சாவைப் பழுதுபார்ப்பதில் அதிகப் பணம் வீணாவது மட்டமான பாகத்தால் அன்று. காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றுவதால்தான். எரிந்த பிஸ்டனை எடுத்துவிட்டு, எவ்வளவு விலை உயர்ந்த ஒரிஜினல் பிஸ்டனைப் போட்டாலும், காற்று நுழையும் ஓட்டை அப்படியே இருந்தால் அதுவும் எரியும்.

கழற்றிய பிஸ்டனே ஓரளவுக்குக் காரணத்தைச் சொல்லிவிடும். புகை வெளியேறும் பக்கம் மட்டும் கீறியிருந்தால், எண்ணெய் போதாமலோ காற்று கூடியோ போயிருக்கலாம். காற்று நுழையும் பக்கம் தேய்ந்து மங்கியிருந்தால், ஃபில்டர் வழியாகத் தூசு போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது அழுத்தச் சோதனை. உள்வழியையும் புகைவழியையும் அடைத்துவிட்டு, சிறிய கைப்பம்பால் இயந்திரத்துக்குள் ஏறக்குறைய 0.5 பார் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அதே அளவுக்குக் காற்றை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். முள் அரை நிமிடம் அசையாமல் நின்றால் சீல்கள் சரி. இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும் இடம் தெரியும். பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது. அந்த ஒரு கேள்வி, வெள்ளைப் பெட்டியா ஒரிஜினலா என்ற கேள்வியைவிட முக்கியமானது.

*மலிவானதே போதும் என்ற இடங்கள்*

இயந்திரத்தின் உள்ளே போகாத, உடைந்தாலும் ஆபத்தில்லாத, எளிதில் மாற்றக்கூடிய பாகங்களில் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம். இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு, அதன் கைப்பிடி, மேல் மூடி, மூடியின் திருகுகள், பெட்ரோல் தொட்டிக்குள் கிடக்கும் சிறு ஃபில்டர், சங்கிலி மூடியின் நட்டுகள் ஆகியவை இந்த வகை. கயிறு அறுந்தால் வேலை பத்து நிமிடம் நிற்கும். அதற்கு மேல் நட்டமில்லை.

பெட்ரோல் குழாயையும் மலிவாக வாங்கலாம். ஆனால் அது பெட்ரோலுக்கென்றே செய்த குழாயாக இருக்க வேண்டும். மீன்தொட்டிக் குழாயை வெட்டிப் பொருத்தினால் சில வாரங்களில் இறுகி வெடிக்கும்.

காற்று ஃபில்டரைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை உண்டு. அது விளிம்பில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். பொருத்திய பிறகு ஒரு நாள் வேலை செய்துவிட்டு, ஃபில்டரை எடுத்து அதன் பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மரத்தூள் ஒட்டினால் அந்த ஃபில்டர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

*பெயர் தெரிந்த மாற்றுப் பாகம் ஏற்றது*

சங்கிலி, பட்டை, பிளக், கார்புரேட்டர் சவ்வுப் பெட்டி ஆகியவற்றில், பெயர் பெற்ற நிறுவனங்களின் மாற்றுப் பாகங்கள் ஒரிஜினலுக்கு நிகரானவை. ஆனால் அளவு பொருந்த வேண்டும்.

சங்கிலி வாங்கும்போது மூன்று எண்கள் தேவை. முதலாவது பிட்ச். இது பெரும்பாலும் 0.325 அங்குலம், 3/8 அங்குலம், பெரிய இயந்திரங்களில் 0.404 அங்குலம் என்று இருக்கும். இரண்டாவது கேஜ், அதாவது பட்டையின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிமன். இது 0.050, 0.058, 0.063 அங்குலம் என்று வரும். மூன்றாவது, அந்த உட்பற்களின் எண்ணிக்கை. இம்மூன்றும் பெரும்பாலும் பட்டையின் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சங்கிலியைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பதே பிழையில்லாத வழி.

பெயரில்லாத சங்கிலியைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. எஃகு மென்மையாக இருந்தால் அடிக்கடி தீட்ட வேண்டிவரும். அளவுக்கு மேல் கடினமாக இருந்தால் பல் தெறிக்கும். ஜோகூரில் செம்பனை வெட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செம்பனையின் நாரில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் நல்ல சங்கிலியே விரைவில் மழுங்கிவிடும். மட்டமான சங்கிலியோடு போனால், வெட்டும் நேரத்தைவிட அரம் பிடிக்கும் நேரம் அதிகமாகும்.

பழைய கார்புரேட்டர் முழுவதையும் மாற்றுவதற்கு முன், அதன் சவ்வுகளையும் ஊசியையும் மட்டும் மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். உலோக உடல் நன்றாக இருந்தால், வால்ப்ரோ போன்ற நிறுவனங்களின் சிறு பழுதுபார்ப்புப் பெட்டி ஒன்றே அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பெயரில்லாத புதிய கார்புரேட்டரில் உள்துளைகளின் அளவு சற்று மாறினாலும் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்காது. பிஸ்டன் எரிவதற்கு அதுவே காரணமாகலாம்.

*மலிவு, விலை உயர்ந்துபோகும் இடங்கள்*

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி இயந்திரத்தின் உட்புறத்துக்கு அப்படியே பொருந்தும். கிராங்க் சீலும் பேரிங்கும் சிறிய பொருள்கள். ஆனால் அவற்றை மாற்ற இயந்திரம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பாகத்தில் சில வெள்ளி மிச்சம் பிடித்து, மூன்று மாதத்தில் அதே கூலியை மறுபடியும் கொடுப்பது சிக்கனமன்று. இங்கே ஒரிஜினலோ, பெயர் பெற்ற பேரிங் நிறுவனத்தின் பாகமோ மட்டுமே சரி.

சிலிண்டரும் அப்படித்தான். அலுமினியத்தால் ஆன சிலிண்டரின் உட்சுவரில் ஒரு மயிரிழையின் தடிமன் அளவே உள்ள கடினமான உலோகப் பூச்சு இருக்கும். பிஸ்டன் உரசுவது அந்தப் பூச்சின்மீதுதான். மட்டமான சிலிண்டரில் இந்தப் பூச்சு பெயர்ந்துவிடலாம். காற்று வரும் துளைகளின் விளிம்பு கூராக இருந்தால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் சிறிய கம்பி வளையம் தரமற்றதாக இருந்தால், அது கழன்று விழுந்து இயந்திரம் முழுவதையும் சில வினாடிகளில் பாழாக்கும்.

இதற்குச் செலவு குறைந்த நல்ல வழி ஒன்று உண்டு. பிஸ்டன் எரிந்துவிட்டால் பலரும் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்த மலிவுப் பெட்டியை வாங்குகிறார்கள். ஆனால் பழைய ஒரிஜினல் சிலிண்டரின் சுவரில் தெரியும் கோடுகள் பல நேரங்களில் உண்மையான கீறல்கள் அல்ல. அவை பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் ரசாயனத்தைக் கொண்டு அதைக் கரைத்தெடுத்தால், கீழே பூச்சு கெடாமல் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் சிலிண்டரை வைத்துக்கொண்டு, பெயர் பெற்ற நிறுவனத்தின் பிஸ்டன், ரிங், புதிய கம்பி வளையம் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். இதற்குப் பயன்படுத்தும் அமிலம் கண்ணையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியது. வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலையன்று.

பூச்சு உண்மையாகவே பெயர்ந்திருந்தால், அதாவது நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால், அந்தச் சிலிண்டரைக் காப்பாற்ற முடியாது.

*பேரம் பேசக்கூடாத பாகங்கள்*

சில பாகங்களில் விலையை ஒப்பிடவே கூடாது. அவற்றில் முதலாவது சங்கிலி பிரேக். பட்டையின் நுனி எதிலாவது தட்டினால் செயின்சா ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெட்டுபவரின் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்பு, கையில் பட்டோ அதிர்ச்சியாலோ முன்னே சாய்ந்து சங்கிலியை நிறுத்துகிறது. அந்த பிரேக்கின் எஃகுப் பட்டையும் ஸ்பிரிங்கும் தரமற்றவையாக இருந்தால், அது வெளிப்படுவது அந்த ஒரு நொடியில்தான். அதற்குள் காலம் கடந்துவிடும்.

சங்கிலி அறுந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கி, கை தவறுதலாகப் பட்டாலும் வேகம் ஏறாதபடி தடுக்கும் பூட்டு, பின்கைக் காப்பு ஆகியவையும் இதே வகை. கிளட்ச் ஸ்பிரிங்கையும் இதில் சேர்க்க வேண்டும். அது தளர்ந்தால், விசையை விட்ட பிறகும் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும்.

பலரும் பொருட்படுத்தாத இன்னொன்று, கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள அதிர்வுத் தடுப்பு ரப்பர்கள். அவை கிழிந்த செயின்சாவும் மரத்தை வெட்டும். ஆனால் அந்த அதிர்வை ஆண்டுக்கணக்கில் தாங்கும் கைகளில் இரத்த ஓட்டம் குறைந்து, விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். முற்றினால் சட்டைப் பொத்தானைப் போடுவதுகூடக் கடினமாகிவிடும். ஒரு சில ரப்பர் துண்டுகளின் விலைக்கு அது ஈடாகாது.

*பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?*

பழைய பெரிய செயின்சாக்களை மக்கள் எளிதில் விட்டுவிட மாட்டார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. தொழில்முறைக் கருவிகளின் கிராங்க் உறை பெரும்பாலும் மக்னீசியக் கலவையால் ஆனது. பிரித்துப் பூட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மலிவான வீட்டு உபயோக மாடல்களில் உறை பிளாஸ்டிக்காக இருப்பதுண்டு. அவை பெரிய பழுதைத் தாங்குவதில்லை.

முடிவெடுக்க ஓர் எளிய கணக்கு உண்டு. பாகம், கூலி இரண்டையும் சேர்த்த செலவு, அதே திறனுள்ள புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புதியது 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிஸ்டன், சீல்கள், கூலி எல்லாம் சேர்த்து 300 வெள்ளி என்றால் பழுதுபார்க்கலாம். ஒரிஜினல் சிலிண்டரும் தேவைப்பட்டு 600 வெள்ளியைத் தொட்டால், பழைய இயந்திரத்தை உதிரிபாகங்களுக்காக வைத்துக்கொண்டு புதியதை வாங்குவது மேல். ஆண்டுக்கு இரண்டு முறை புயலில் விழுந்த கிளையை அறுப்பவருக்கும், நாள்தோறும் தூங்குமூஞ்சி மரங்களில் வேலை செய்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது.

உற்பத்தி நின்றுபோன மாடல்களில் இன்னொரு நிலை வரும். ஒரிஜினல் பாகமே கிடைக்காது. அப்போது பெயர் தெரிந்த மாற்று நிறுவனத்தின் பாகம், அல்லது இன்னொரு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய நல்ல ஒரிஜினல் பாகம் ஆகிய இரண்டே வழிகள். சீல், ரிங் போன்ற தேயும் பாகங்களைப் பழையதாக வாங்கக்கூடாது. உறை, கைப்பிடி, மூடி போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை.

*வாங்கும்போது கவனிக்க வேண்டியவை*

மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறுவதுண்டு. இயந்திரத்தின் வரிசை எண், பாகத்தின் எண் இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தையும் கொண்டு செல்லுங்கள்.

ஒரிஜினல் என்று விற்கப்படும் பாகத்தின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது போலியாக இருக்கக்கூடும். அச்சு மங்கலாக இருப்பது, எழுத்துப் பிழை, பாக எண் இல்லாதது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

வெளிநாட்டு இணையத்தளங்களில் வாங்குவோர் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், 400 வெள்ளி வரையிலான இறக்குமதிப் பொருள்களுக்கும், பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள், சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 ஜனவரி 1 முதல் அந்த வரி 9 விழுக்காடு. அஞ்சல் செலவையும் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று தோன்றியது உள்ளூர்க் கடை விலைக்கு அருகில் வந்துவிடலாம். பாகம் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் தொல்லை வேறு.

உள்ளூர்க் கடையில் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, ‘லெமன் லா’ என்று அழைக்கப்படும் விதிகளின்படி, பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. பழுதை நீக்கித் தரும்படியோ, மாற்றித் தரும்படியோ கேட்கலாம். அது முடியாதபோது விலைக் குறைப்போ பணத்தையோ கோரலாம். இணக்கம் ஏற்படாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே முன்வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் ரசீது வேண்டும். பத்து வெள்ளிப் பாகமாக இருந்தாலும் ரசீதை வாங்கி வையுங்கள்.

*கையில் பிடிப்பவருக்கும் ஒரு சொல்*

பாகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அந்த இயந்திரத்தைப் பிடித்து நிற்பவர் வேறொருவர் என்பது பல நிறுவனங்களில் வழக்கம். அலுவலகத்தில் 40 வெள்ளி மிச்சம் பிடித்தவர் மரத்தடியில் நிற்பதில்லை. சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஊழியருக்குப் பாதுகாப்பான இயந்திரத்தைத் தரும் பொறுப்பை முதலாளியின்மீது வைத்திருக்கிறது. பிரேக் வேலை செய்யாத செயின்சாவைக் கொடுத்து “பார்த்துக் கவனமாக வெட்டு” என்று சொல்வது அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதாகாது.

ஊழியர் தம் பங்குக்குக் காலையில் இரண்டு நிமிடம் ஒதுக்கலாம். பட்டையின் நுனி எதிலும் படாதபடி இயந்திரத்தைத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். விசையை விட்டதும் சங்கிலி அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து, சங்கிலியை ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் முன்காப்பைத் தள்ள வேண்டும். சங்கிலி உடனே நின்றால் பிரேக் சரி. இழுத்துக்கொண்டு போய் நின்றால் அன்றைக்கு அந்த இயந்திரம் வேலைக்கு ஆகாது. அதைச் சொல்லத் தயங்கக்கூடாது.

சுருங்கச் சொன்னால், உடைந்தால் வேலை மட்டும் நிற்கும் பாகத்தில் சிக்கனம் செய்யலாம். உடைந்தால் இயந்திரம் பாழாகும் பாகத்தில் பெயர் பார்த்து வாங்க வேண்டும். உடைந்தால் உடம்பில் படும் பாகத்தில் விலையைக் கேட்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். ஜாலான் புசார் கடைக்குள் நுழையும்போது கையிலிருக்கும் பழைய பாகம் இம்மூன்றில் எந்த வகை என்று தெரிந்திருந்தால், எந்தப் பெட்டியை எடுப்பது என்பதில் குழப்பம் இருக்காது.